ரஹீனா கேட்ட ஒரு வரி

ரஹீனா இத்தாவுக்கு எட்டு வரை எண்ண இடது கை மட்டும் போதும். சுண்டுவிரலின் அடிக்கோட்டில் கட்டைவிரல் நுனியை வைப்பார். அது முதல் இடம். அதே விரலின் மேல்கோடு அடுத்தது. பிறகு மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். விரலுக்கு இரண்டு கோடாக நான்கு விரலில் எட்டு இடம். திரையில் உள்ள எண்ணில் ஒன்று வருகிற இடத்தில் கட்டைவிரல் அழுந்தும், நகம் வெளுக்கும். பூஜ்யம் வருகிற இடத்தில் தோலை லேசாக உரசிக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடும். கண் திரையை விட்டு நகராது. உதடு மட்டும் கொஞ்சம் அசையும்.

தொழுகை முடிந்து விரல்கோடுகளில் திக்ரு என்கிற இறைநாமத்தை எண்ணுகிறவர்கள் கொச்சியின் மட்டாஞ்சேரியில் எங்கும் உண்டு. அதனால் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், இத்தா வேலை நடுவே திக்ரு சொல்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர் திருத்தமாட்டார். அக்கா முறையில் இத்தா என்று கூப்பிடும் என்னிடம் மட்டும் சொல்வார்:

“நெனச்சிட்டுப் போகட்டும் ஷாஃபி. அப்படியாவது கொஞ்ச நேரம் வாய மூடுறாங்கல்ல?”

அவர் எண்ணிக்கொண்டிருந்தது ஒலிச் சிப்பின் ரெஜிஸ்டர்களை. மைக்கும் ஒலிபெருக்கியும் உள்ள எந்தப் பெட்டியிலும் அவற்றுக்கு நடுவே ஒரு சிப் இருக்கும். அதற்குள் வரிசை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத சுவிட்சுகள். எட்டு சுவிட்சு சேர்ந்தது ஒரு ரெஜிஸ்டர். சத்தம் எவ்வளவு, எந்த வழி திறந்திருக்கிறது, எந்த வழி அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சுவிட்சுகள் நிற்கும் நிலைதான். மின்சாரம் வந்த நிமிடத்தில் எல்லாம் பிறந்தபடி கிடக்கும். டிரைவர் என்கிற நிரல் ஒவ்வொன்றாகப் போய் அவற்றை எழுப்பி நிறுத்தவேண்டும், அதுவும் வரிசை தப்பாமல். ஒருவர் அந்த நிரலை எழுதுவார். இன்னொருவர் சிப் கம்பெனி கொடுத்த விளக்கநூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டு, சரி என்றோ சரியில்லை என்றோ குறிப்பு எழுதுவார். இத்தா அந்த இன்னொருவர்.

எங்கள் அலுவலகம் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே எங்கள் விசைப்பலகையில் தூசி படியும். நான் சோதனை மேஜையில் வேலை பார்த்தேன். நிரல் ஏற்றிய பெட்டியிடம் பேசிப் பார்ப்பது, அது பேசுவதைக் கேட்பது, குறித்து வைப்பது. அதிகம் பேசவேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. இத்தாவின் மேஜை எனக்கு நேர் எதிரே.

அவர் பிறந்தது இதே மட்டாஞ்சேரி. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். பொறியியல் படித்துவிட்டு பெங்களூரில் ஃபோன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஒலிப் பிரிவில் இருந்தார். அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது திரும்பி வந்தார். சில மாதம் என்று வந்தவர் போகவே இல்லை. அத்தாவின் குரல் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது என்று ஒருமுறை சொன்னார். அடுக்களையில் மிக்ஸி ஓடினால் கேட்காது, மழை பெய்தால் கேட்காது, கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கேட்காது. அத்தா இறந்த பிறகு இத்தா சுள்ளிக்கல்லில் வாடகை வீடு பிடித்து மகள் ஹாதியாவோடு இருந்தார். கணவரைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்கள் கம்பெனியில் அவருக்கு ஒப்பந்த வேலை. ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கவேண்டும்.

ஒருநாள் என் மேஜையில் கிடந்த கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பள்ளியில் மலையாளம் படித்தவர் என்பதால் தமிழைக் கூட்டித்தான் படிப்பார்.

“இந்தப் பக்கத்தில ஆறு வரிதான் இருக்கு. பாக்கி இடமெல்லாம் எதுக்கு?”

“அது அப்படித்தான் இத்தா. சொல்லாம விட்டதும் அதுல சேர்த்தி.”

“கொள்ளாம், நல்லாருக்கு. நம்ம வேலையில சொல்லாம விட்டா சிப்பு செத்துக் கெடக்கும் மோனே.”

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது கட்டில் பெட்டி. படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் குழு ஒன்று கேட்டிருந்தது. பகலில் வீட்டில் ஆள் இல்லாத நோயாளிகளுக்கானது. பெட்டியைக் கட்டில் கம்பியில் கட்டிவிடவேண்டும். நோயாளி பொத்தான் எதையும் அமுக்கவேண்டாம். குரல் எழுந்தால் போதும், பக்கத்து வீட்டில் வைத்திருக்கும் ஜோடிப் பெட்டியில் கேட்கும். அந்த வீட்டுக்காரர் பதில் பேசினால் கட்டில் பக்கம் ஒலிக்கும். மின்சாரம் வந்து பெட்டி எழுந்ததும் தயார் என்பதற்கு அடையாளமாக இரண்டு மணி அடிக்கும். விலை குறைக்கவேண்டி கட்டில் பெட்டிக்குள் பேட்டரி வைக்கவில்லை, கையில் எடுத்துத் திரியும் ஜோடிப் பெட்டிக்கு மட்டும் உண்டு.

அந்த டிரைவரின் தொடக்கப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் இத்தா என்னைக் கூப்பிட்டார்.

“ஷாஃபி, இங்க வா. மைக்குக்கு யாரு சோறு போடுறது?”

எனக்குப் புரியவில்லை.

“பழைய போர்டுல இருந்த மைக்கு தானே வேலை செய்யும். இப்ப மாத்தின மைக்குக்குச் சிப்புலேந்து கொஞ்சம் கரண்ட் போகணும். அதுக்கு ஒரு சுவிட்சு இருக்கு, பாரு.” விளக்கநூலில் ஒரு கட்டத்தைக் காட்டினார். “இந்த டிரைவர் கோட்ல மேலேந்து கீழ வரை தேடிட்டேன். அத ஆன் பண்ற வரி இல்ல.”

“ஆனா நம்ம மேஜையில மைக் கேக்குதே இத்தா. நேத்துகூட நான் பேசிப் பாத்தேன்.”

“அதான் எனக்கும் புடிபடல.”

அன்று முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் பிடிபட்டது. பெட்டியின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. உள்ளே ஒரு சோதனைப் பொத்தான். அதை அமுக்கிக்கொண்டு பெட்டியை எழுப்பினால் சோதனை நிரல் ஓடும். அந்த நிரலை எழுதியவர் வேறு. அவர் மைக் சுவிட்சையும் சேர்த்தே போட்டிருந்தார். எங்கள் மேஜையில் தினமும் முதல் வேலையே அந்தச் சோதனைதான். ஒருமுறை போட்ட சுவிட்சு, பெட்டியை எத்தனை முறை மறுபடி தொடங்கினாலும் அப்படியே நிற்கும். மின்சாரம் அடியோடு போனால்தான் விழும். எங்கள் மேஜைக்கோ இன்வெர்ட்டர். கொச்சி முழுக்க இருட்டானாலும் எங்கள் பெட்டிக்குத் தெரியாது.

இத்தா பிளக்கைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி செருகினார். இரண்டு மணி அடித்தது. “ஹலோ” என்றேன். அடுத்த அறையில் இருந்த ஜோடிப் பெட்டியில் ஒன்றும் வரவில்லை. மேஜையில் தட்டினேன், கத்தினேன். ஒன்றும் இல்லை. அங்கிருந்து நாங்கள் பேசியது மட்டும் இங்கே தெளிவாகக் கேட்டது.

“வாயி இருக்கு, காது இல்ல,” என்றார் இத்தா.

வெங்கிடேஷ் சார்தான் எங்கள் குழுத் தலைவர். பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். கெட்டவர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே வண்டியில் கொண்டுபோய் விடுவார். இத்தா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிளக்கைப் பிடுங்கிச் செருகியதையும் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ சொல்லறது சரியாக்கும் ரஹீனா. ஒரு சம்சயமும் இல்லை. ஆனா பெட்டியெல்லாம் பேக் பண்ணியாச்சு.”

“ஒரு வரி சார். ஒரே ஒரு வரி.”

“வரி ஒண்ணுதான். ஆனா சர்ட்டிஃபிகேட் இந்த வெர்ஷனுக்கில்லையா வாங்கினது? ஒரு எழுத்து மாறினா லேப்ல முதல்லேந்து வரிசையில நிக்கணும். பெட்டியைக் குழுவுக்குக் கைமாற்றம் பண்றது அடுத்த வாரம். அது நடக்கலேன்னா இந்த மாடி பூட்டிப் போகும், கேட்டயா? நீயும் நானும் இந்தப் பையனும் ரோட்டில.”

“கரண்ட் போனா பெட்டி செவிடு சார்.”

“கரண்ட் போனா மட்டும்தானே.”

“கொச்சியில கரண்ட் போகாத நாள் எது சார்?”

இத்தா இன்னொரு வழி சொன்னார். கரண்ட் போய் வந்தால் துளையில் ஊசி விட்டு அமுக்கிக்கொண்டு பிளக்கைச் செருகவும் என்று ஒரு சீட்டு அடித்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டிவிடலாம்.

“சீக்காளி வீட்டுக்குப் போய் இது கேடு வந்த பெட்டின்னு நாமே எழுதி ஒட்டறதா? ரெண்டாவது லாட்டில சரி பண்ணலாம். நீ அப்ரூவல் போடு.”

“போடமாட்டேன் சார்.”

“ரஹீனா.”

“நீங்க போட்டுக்குங்க. உங்களுக்கு அதிகாரம் இருக்கு. என் பேரு அதுல வேண்டாம்.”

தலைவர் நினைத்தால் பார்வையிட்டவரின் ஒப்புதல் இல்லாமலே நிரலை ஏற்றுக்கொள்ளலாம். அவர் அப்படியே செய்தார். இத்தாவின் குறிப்பு நிரலின் ஓரத்தில் அப்படியே நின்றது: மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் வரி விடுபட்டிருக்கிறது, இது இல்லாமல் அனுப்பக் கூடாது. கீழே வெங்கிடேஷ் சார், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று எழுதினார்.

கைமாற்றம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மேடையில் ஒருவர் பெட்டியைப் பற்றி நெடுநேரம் பேசினார். கீழே பாயசம் கொடுத்தார்கள். பிறகு தன்னார்வலர்கள் மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல், இடக்கொச்சி என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கட்டினார்கள். கட்டியதும் ஒவ்வொரு வீட்டிலும் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பேசிப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் கேட்டது. வெங்கிடேஷ் சாருக்கு வாழ்த்து வந்தபடி இருந்தது.

இத்தா இரண்டாவது லாட் எப்போது என்று அவ்வப்போது கேட்பார்.

“பணம் வந்தாத்தான் லாட்டு,” என்பார் சார்.

பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். வேறொரு வேலையின் நிரல் வந்தது, அதைப் படித்தார். எங்களுக்குள்ளும் பேச்சு குறைந்தது. நான் தேநீர் கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகும். ஒருமுறை தானாகவே சொன்னார்.

“பழுதான பெட்டின்னா நல்லது ஷாஃபி. எல்லாருக்கும் தெரிஞ்சிரும், எடுத்து மூலையில போடுவாங்க. இது மணி அடிக்குதே. அத நம்பித்தானே கெடப்பாங்க?”

மழைக்காலம் வந்தது.

பேச்சியம்மாளின் வீடு சுள்ளிக்கல்லில், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வரமுடியாத ஒரு சந்தில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்த குடும்பம். அவரும் ஒரு காலத்தில் பஜார் ரோட்டில் சுக்கு புடைத்தவர்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆகிப் படுக்கையில் இருந்தார். மகன் வளைகுடாவில். மருமகள் ஸுப்ரியா தோப்பும்படியில் துணிக்கடையில் வேலை. பகலில் ஜோடிப் பெட்டி பக்கத்து வீட்டு ஜுமைலாவிடம் இருக்கும். பெட்டி வந்த பிறகு பேச்சியம்மாள் அதில் கூப்பிட்டுக் கதையடிப்பாராம். “ஏ ஜுமைலா, என்ன கொழம்பு வைக்கே? மணம் இங்க வரைக்கும் வருது, கிண்ணம்தான் வரல” என்பாராம். ஜுமைலா வேலையைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு ஓடுவாராம்.

ஒரு நாள் விடியும் முன் மழையில் மரக்கிளை விழுந்து அந்தப் பகுதியில் மின்சாரம் போனது. ஸுப்ரியா வேலைக்குக் கிளம்பும் முன்னே திரும்பி வந்தது. பெட்டி இரண்டு மணி அடித்தது. மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஸுப்ரியா பஸ் ஏறினார்.

அதன் பிறகு நடந்ததை யாரும் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் தண்ணீருக்காகவோ எதற்காகவோ எட்டியிருக்கிறார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து மாட்டிக்கொண்டார். ஜுமைலாவின் வீட்டில் ஜோடிப் பெட்டி அடுப்பு மேடையில் எப்போதும்போல இருந்தது. மழைச் சத்தம். அம்மா இன்றைக்கு நல்ல உறக்கம் என்று ஜுமைலா நினைத்திருக்கிறார். நடுவில் ஒருமுறை அந்தப் பெட்டியில், “அம்மே, ஒறங்கியாச்சா?” என்று கேட்டாராம். அது அந்த அறையில் தெளிவாக ஒலித்திருக்கும். பதில் வராததால் எழுப்பவேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மாலையில் ஸுப்ரியா வந்து பார்த்தபோது பேச்சியம்மாளுக்கு நினைவு இருந்தது, குரல் இல்லை. கத்திக் கத்திப் போயிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தன்னார்வலர் குழுவிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் மாடிக்கு வந்தார். நரைத்த தாடி, நனைந்த குடை. கோபமாக வந்தது போலத் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் பயமாக இருந்தது. குழுவிடம் மிச்சமிருந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பிளக்கைச் செருகினார். இரண்டு மணி அடித்தது. அவர் அதற்குள் மெல்லப் பேசினார். ஜோடிப் பெட்டி அவர் மடியிலேயே இருந்தது. அது பேசாமல் கிடந்தது.

வெங்கிடேஷ் சார் மறைக்கவில்லை. அதைச் சொல்லவேண்டும். விடுபட்ட வரி, சர்ட்டிஃபிகேட், அடுத்த லாட் எல்லாவற்றையும் சொன்னார். இத்தாவின் குறிப்பையும் திரையில் காட்டினார். ஆனால் அதைக் காட்டியதும் பேச்சு திசை மாறியது. பெரியவர் குறிப்பைப் படித்துவிட்டு இத்தாவைப் பார்த்தார்.

“மோளே, உனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“கரண்ட் போனா இது கேக்காதுன்னு தெரியும். எப்படிச் சரி பண்றதுன்னும் தெரியும்.”

“ஆமா.”

“சரி. பெட்டி எங்க வீடுகளுக்கு வந்ததுக்கப்புறம் நீ என்ன செஞ்ச?”

ஜன்னலுக்கு வெளியே லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. கீழே யாரோ “வரட்டே, வரட்டே” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணும் செய்யல,” என்றார்.

“ஒரு வீட்டுக்காரங்ககிட்டகூடச் சொல்லலியா?”

“இல்ல.”

“ஒரு ஃபோன்?”

“இல்ல. கோட்ல குறிப்பு எழுதினேன். அதோட சரி.”

பெரியவர் தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “படிச்ச பொண்ணு,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அலுவலகத்தில் அதன் பிறகு பேச்சு ஒரே மாதிரி இருந்தது. சார் பயந்து அனுப்பினார், சரி. ஆனால் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்றார்கள். தன் பேர் அதில் வேண்டாம் என்று ஒதுங்கினாள், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது என்றும் ஒருவர் சொன்னார். அதை இத்தாவுக்குக் கேட்கும்படியே சொன்னார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர் ‘இல்ல’ என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. வெங்கிடேஷ் சார் அவரை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது.

“என்னால முடிஞ்சதைப் பேசிப் பாத்தேன் ரஹீனா. அந்தக் குழுவில உன் பேரைத்தான் கேக்கறா.”

“பரவால்ல சார். அந்த வரி?”

“எந்த வரி?”

“மைக்கு வரி சார். இனிமேலாவது போட்டுட்டா, பெட்டியெல்லாம் எடுத்துட்டு வந்து மாத்தி எழுதிக் கொடுக்கலாமே.”

“இனி அந்தப் பெட்டியே இல்லை. முழுக்க நிறுத்தியாச்சு.”

இத்தா வெளியே வந்து மேஜையைத் துடைத்தார். விளக்கநூலின் அச்சுப் பிரதியை என் மேஜையில் வைத்தார். “வச்சுக்க, எடை போட்டா சாயாக் காசு தேறும்,” என்றார். சிரிக்கப் பார்த்தார். சுக்குத் தூசியில் இருமல் வந்துவிட்டது. படியிறங்கிப் போனார்.

திட்டம் நின்றதும் அந்த நிரலையும் பூட்டிவிட்டார்கள். இனி யாரும் அதில் எழுதமுடியாது, படிக்க மட்டும் முடியும். ஒருநாள் திறந்து பார்த்தேன். இத்தாவின் குறிப்புக்கு எதிரே ‘தீர்க்கப்படவில்லை’ என்ற அடையாளம் இருந்தது.

பெட்டிகளைத் திருப்பி எடுக்கச் சொன்னார்கள். சில வீடுகளில் தூக்கி எறிந்துவிட்டிருந்தார்கள். சில வீடுகளில் அதை யாருக்காகக் கட்டினார்களோ அந்த ஆளே இல்லை. பேச்சியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, ஆவணி முடிவதற்குள் இறந்துபோனார். கடைசி வரை குரல் சரியாக வரவில்லை. பெட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

நான் அதை வாங்கப் போனபோது ஸுப்ரியா அதே துண்டோடு கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியின் அடியில் ஒரு ஊக்கு பசைநாடாவால் ஒட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

“அந்த ஓட்டைக்குத்தான். ரஹீனா இத்தா ஒட்டினது.”

எந்த ரஹீனா இத்தா என்று கேட்டுவிட்டேன்.

“உங்க ஆபீஸ் இத்தாதான். வேற யாரு? பெட்டி கொடுத்த அன்னிக்கு மண்டபத்திலயே எல்லார் நம்பரையும் வாங்கிட்டாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து காட்டிக் கொடுத்தாங்க. எங்க வீடு மட்டும் இல்ல, எல்லா வீட்டுக்கும் போயிருக்காங்க. மழை பெஞ்சா ஃபோன் வந்துடும். ‘கரண்ட் போச்சா, வந்துச்சா, ஊக்கு வச்சு அமுக்கினியா?’ன்னு. எங்க அத்த, ‘ஏளா, ஒன் கரண்டுக்காரி கூப்பிடுதா’ன்னு கிண்டல் பண்ணுவாங்க.”

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“அன்னிக்கும் கூப்பிட்டாங்க சேட்டா. நான் செருப்பு போட்டுட்டு நிக்கறேன், பஸ்ஸு வர்ற நேரம். பெட்டிதான் மணி அடிச்சிருச்சேன்னு ஒரு நெனப்பு. செஞ்சாச்சு இத்தான்னு சொல்லிட்டேன். உறப்பாத்தானே, நெசமா அமுக்கினியான்னு இன்னொரு வாட்டி கேட்டாங்க. உறப்புன்னு சொன்னேன்.”

எங்கள் மாடியில் பெரியவர் விசாரிக்கப் போகிறார் என்று தெரிந்தபோது, தானே வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஸுப்ரியா இத்தாவுக்கு ஃபோன் செய்திருக்கிறார். இத்தா வரவேண்டாம் என்றாராம். வளைகுடாவில் இருக்கிற மகன் காதுக்கு அது போனால் இந்த வீட்டில் உனக்கு இடம் இருக்காது என்றாராம். மற்ற வீடுகளிலும் தான் வந்துபோனதைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். நான் யாருக்கும் ஃபோன் பண்ணவில்லை, நீ எதையும் எடுக்கவும் இல்லை, அழாமல் போய் மாமியாருக்குக் கஞ்சி கொடு என்று சொல்லி வைத்துவிட்டாராம்.